மண்ணுக்குள் ஒரு கம்பி

2023-ஆம் ஆண்டுக் கோடையில் என் வீட்டுத் தோட்டத்தில் பதினோர் எலுமிச்சைக் கன்றுகள் பட்டுப்போயின. கரிசல் பூமியின் கோடையில் இஃது ஓர் அதிசயமன்று. ஆனால், அவை வாடிக்கொண்டிருந்த நாள்களிலெல்லாம், தோட்டத்துக்கு நீர் ஒழுங்காகப் போகிறதென்று என் வீட்டுச் சுவரில் இருந்த கருவி எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் அதை நம்பியிருந்தேன். கருவி ஏன் பொய் சொல்லிற்று என்பதை ஆராய்ந்தபோது, குற்றம் அதனுடையதன்று, மண்ணுக்குள் நான் புதைத்த கம்பியினுடையது என்று தெரிந்தது. அந்தக் கம்பியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் நீரோட்டமானி என்பது யாது என்று பார்ப்போம். சொட்டுநீர்க் குழாயின் நடுவே சிறு கூடு ஒன்று. அதனுள்ளே சிறு சக்கரம் ஒன்று. நீர் ஓடினால் சக்கரம் சுழலும். சக்கரத்தில் காந்தத் துண்டு பதிந்திருக்கும். காந்தம் எதிரே வரும்போதெல்லாம் அதை உணர்ந்து ஒரு மின்துடிப்பை அனுப்பும் சில்லு ஒன்று கூட்டின் வெளிப்புறத்தில் இருக்கும். அமெரிக்காவில் எட்வின் ஹால் என்பவர் மாணவராக இருந்தபொழுது 1879-இல் கண்டறிந்த விளைவே இதற்கு அடிப்படை. மாணவர் என்பதைக் கவனியுங்கள். நான் வாங்கிய அரை அங்குல மானி ஒரு லிட்டருக்கு 450 துடிப்புகள் அனுப்பும். அவற்றை நாற்பது மீட்டர் தொலைவிலுள்ள வீட்டுக்குக் கொண்டுவருவதே புதைகம்பியின் வேலை.

என் தோட்டத்தில் நாற்பத்தெட்டுக் கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 8 லிட்டர் சொட்டு. ஆக மணிக்கு 384 லிட்டர், நிமிடத்துக்கு 6.4 லிட்டர். கருவி காட்டியதோ ஏறத்தாழ 6.67. சிறிய வேறுபாடுதானே என்று விட்டுவிட்டேன். வகுப்பில் ஒரு மாணவன் இப்படி விட்டிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்!

நீங்கள் இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 6.67 லிட்டர் என்றால் விநாடிக்கு எத்தனை துடிப்பு? சரியாக ஐம்பது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது? அதுவும் ஐம்பது. கருவி எண்ணியது நீரை அன்று, மின்சாரத்தை!

நடந்தது இதுதான். அழைப்பு மணிக்குப் போடும் மெல்லிய கம்பியை வாங்கி, மோட்டாருக்குப் போகும் மின்கம்பியின் பள்ளத்திலேயே, ஒரு சாண் ஆழத்தில் போட்டு மூடிவிட்டேன். நீளம் போதாமையால் நடுவே ஒரு முடிச்சு. அதன்மேல் கறுப்பு நாடா. மழைக்காலத்தில் அந்த முடிச்சில் ஈரம் புகுந்தது. ஈரத்தில் மின்னழுத்தம் இருந்தால், நேர்மின் பக்கத்துச் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்துபோகும். உப்பு நீரில் இரண்டு செம்புக் கம்பிகளை அமிழ்த்தி ஒரு மின்கலத்தோடு இணைத்தால் உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இதைக் காணலாம். பச்சைக் களிம்பேறித் துடிப்புக் கம்பி அற்றது. அற்ற கம்பி சும்மா கிடக்கவில்லை. பக்கத்தில் ஓடிய மோட்டார்க் கம்பியின் மாறுமின்னழுத்தம் அதைத் தொடாமலே தூண்டிற்று. மோட்டாரைப் போட்டால் எண் ஓடும், நிறுத்தினால் நிற்கும். உண்மையைப் போன்றே இருந்த பொய்! அதே சமயத்தில் சொட்டுநீர் வடிகட்டி அடைத்துக்கொண்டது. மோட்டார் மேல்தொட்டிக்கும் நீர் இறைப்பதால், தொட்டி நிரம்பியதைக் கண்டு எனக்கு ஐயமே எழவில்லை. வேர் ஆழ்ந்த கொய்யாவும் முருங்கையும் தாங்கின, எலுமிச்சை தாங்கவில்லை.

ஓடும் நீரின் எண் சற்றே ஏறும், சற்றே இறங்கும். என் எண்ணோ அசையவே இல்லை. அதைக் கண்டாவது நான் விழித்திருக்க வேண்டும்.

கம்பியைப் புதைப்பதில் உள்ள தொல்லை புதிதன்று. 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே தந்தி அமைத்த ஓஷாக்னெஸி என்ற மருத்துவர், பூமிக்குள் போன பகுதியில் இரும்புக் கோலுக்குக் கீலில் தோய்த்த மதராசுத் துணியைச் சுற்றி, கூரை ஓடுகளின் குழிவில் கிடத்தி, மணலும் குங்கிலியமும் உருக்கி வார்த்தார். நம் ஊர்த் துணிக்கு அப்படியும் ஒரு பெருமை! ஈரத்தை விலக்குவதும், கடப்பாரையையும் எலியையும் விலக்குவதும் இரண்டு வேறு காரியங்கள் என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

மறுமுறை கம்பி வாங்கச் சென்றபோது, தடித்த செம்பு வேண்டும் என்று கடைக்காரர் வற்புறுத்தினார். தேவையில்லை. அரைச் சதுர மில்லிமீட்டர்ச் செம்பின் தடை, போகவர எண்பது மீட்டருக்கு மூன்று ஓமுக்கும் குறைவு. மானி இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். வழியில் இழக்கும் அழுத்தம் ஐந்து வோல்ட்டில் ஒரு பொருட்டே அன்று. பணத்தைச் செம்பில் போடாமல் மேலுறையில் போடுங்கள். மண்ணுக்குள் பாலிதீன் உறையே மேலானது. அது நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. இழைகளுக்கிடையே மசகுக் கூழ் நிரப்பிய தொலைபேசிக் கம்பி இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. அதில் இழைகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் ஏறும் தூண்டலை மறுபக்கம் ஏறுவது ஈடுசெய்யட்டும் என்பதே முறுக்கின் கருத்து. கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற யுக்தி இது. ஆகையால் துடிப்புக் கம்பியோடு அதன் தரைக் கம்பி ஒரு சோடியில் வர வேண்டும். மின்னூட்டமும் அதன் தரையும் மற்றொரு சோடியில். மேலே உலோகக் கவசம் இருந்தால் வீட்டுப் பக்கத்தில் மட்டும் அதைத் தரையோடு இணைக்க வேண்டும்.

இனிப் பள்ளம். மோட்டார்க் கம்பியின் பள்ளம் வேண்டவே வேண்டாம். குறைந்தது ஓரடி விலகிப் போங்கள். இரண்டும் சந்தித்தே தீர வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடந்துவிடுங்கள். ஆழம் ஒரு முழம்; மண்வெட்டி சாதாரணமாக அவ்வளவு இறங்காது. கம்பியைப் பிளாஸ்டிக் குழாயில் நுழைத்தேன். குழாய் எலிக்கும் மண்வெட்டிக்கும் காவலே ஒழிய, நீருக்குக் காவலன்று. எவ்வளவு அடைத்தாலும் உள்ளே ஈரம் சேரும். அந்த ஈரத்தைக் கம்பியே தாங்க வேண்டும். கரிசல் மண் கோடையில் வெடித்து விரியும், மழையில் உப்பும். ஆதலால் அடியில் மணல் பரப்பி, இழுத்துக் கட்டாமல் பாம்புபோல் சிறிது நெளியவிட்டுக் கிடத்தினேன். குழாய்க்கு மேலே மணல், அதன்மேல் ஒரு வரிசைச் செங்கல். பிற்காலத்தில் தோண்டுபவன் கடப்பாரை செங்கல்லில் பட்டதும் நிறுத்துவான்.

மண்ணுக்குள் முடிச்சு மட்டும் கூடாது. முடிச்சுப் போட்டே ஆக வேண்டுமானால், தரைக்கு மேலே ஒரு பெட்டியில், கூழ் நிரப்பிய இணைப்பியில் போடலாம்.

மூடுவதற்குமுன் இரண்டு சோதனைகள் செய்தேன். தோட்டத்து முனையில் மானியைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையன் சுவர்க் கருவியின் முன் நின்று, “சுழியம், ஐயா, சுழியம்!” என்று கூவினான். ஐந்து நிமிடமும் சுழியமே. பிறகு மானியை மாட்டி, 20 லிட்டர் வாளி ஒன்றைக் குழாயின் கீழ் வைத்தோம். 9,000 துடிப்பு வர வேண்டும், 8,870 வந்தது. வாளியின் விளிம்பில் சிறிது குறை இருந்தது என்கிறான் பையன். நாளை மறுபடியும் அளந்து பார்ப்பதாகச் சொல்லி, மண்ணைத் தள்ளத் தொடங்கினோம்.