கொத்தமல்லிக்கு எதற்குச் செய்தித்தாள்?

கொத்தமல்லி ஒரு வாரம் வாடாமல் இருக்க என்ன வழி என்று யாரைக் கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: பழைய பேப்பரில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் வையுங்கள். புதினாவுக்கும் கறிவேப்பிலைக்கும் அதே யோசனைதான். இந்த வழி பலன் தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதையே ஒரு கடைக்காரர் செய்தால் அது விதிமீறல். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் ஒழுங்குமுறை, உணவுப் பொருளைச் சுற்றித் தரவோ எடுத்து வைக்கவோ செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. வடை, பஜ்ஜியை மடித்துக் கொடுப்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். உணவை அதில் சுற்றி வைத்திருப்பதும் அந்தத் தடையில் அடங்கும். வணிகருக்குக் கூடாதென்று சொன்ன ஒன்றை நம் வீட்டு ஃபிரிட்ஜில் நாமே செய்துகொண்டிருக்கிறோம். வீட்டுக்குள் வந்து எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை. அதனால்தான் இதை நாமே யோசித்து விட வேண்டியிருக்கிறது.

பேப்பர் ஏன் பலன் தருகிறது என்று பார்த்தாலே அது அவசியமில்லை என்பது விளங்கிவிடும். பறித்த பிறகும் இலை உயிரோடுதான் இருக்கிறது. சுவாசிக்கிறது, தன்னிடமுள்ள நீரை ஆவியாக வெளியே விடுகிறது. கொத்தமல்லித் தழையின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். திறந்து வைத்தால் அந்தத் தண்ணீர் போய்த் தழை துவண்டுவிடும். பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி வைத்தால், வெளியேறிய ஆவி கவரின் உட்பக்கம் துளித்துளியாகத் திரண்டு இலைமேலேயே விழும். அந்த ஈரத்தில் பாக்டீரியா பெருகி, தழை கொழகொழவென்று அழுகும். ஆக, சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் வேண்டும், இலையின்மேல் மட்டும் நீர் நிற்கக் கூடாது. மிகுதியான நீரைத் தாள் உறிஞ்சிக்கொள்வதால் இது நடக்கிறது. உறிஞ்சுவது தாள்தான், அதில் அச்சு மைக்கு ஒரு வேலையும் இல்லை. துவைத்து உலர்த்திய பருத்தித் துணி இதே காரியத்தை இன்னும் நன்றாகவே செய்யும்.

மையால் என்ன கெடுதல்? செய்தித்தாள் மை பெரும்பாலும் உலர்ந்து இறுகுவதில்லை, தாளுக்குள் ஊறித்தான் நிற்கிறது. படித்து முடித்ததும் விரலில் கறுப்பு ஒட்டுவது அதனால்தான். அந்த மையைக் குழைக்கக் காலங்காலமாகக் கனிம எண்ணெய்கள் பயன்பட்டு வந்திருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் சூரிச் உணவு ஆய்வகத்தில் கோனி குரோப் தலைமையிலான வேதியியலாளர்கள், மறுசுழற்சி அட்டைப் பெட்டிகளில் வைத்த அரிசி, பாஸ்தா போன்ற உலர்ந்த உணவுகளில்கூட இந்த எண்ணெய் சேர்வதை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்துக்காட்டினார்கள். அட்டைக்கு அது வந்த முக்கிய வழி, கூழாக்கப்பட்ட பழைய செய்தித்தாள்களின் மை. இந்த எண்ணெய்களின் ஒரு பகுதியான அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்களில் மரபணுவைச் சேதப்படுத்தி, புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடியவை இருக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் மதிப்பிட்டது. நம் நாட்டு ஆணையமும் 2016-இல் எச்சரித்தது, 2023-இல் மறுபடியும் எச்சரித்தது. மையில் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கக்கூடும் என்பதோடு, பல கைகளும் பல இடங்களும் மாறி வரும் தாளில் நோய்க்கிருமிகள் ஒட்டியிருக்கும் என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் ஒன்று நியாயமானது. சூடும் எண்ணெயும் உள்ள பண்டம் மையை உறிஞ்சுவதைப்போலக் குளிர்ந்த தழை உறிஞ்சாது. உண்மைதான், பஜ்ஜியைவிட இங்கே ஆபத்து குறைவு. ஆனால் பஜ்ஜி பேப்பரில் இருப்பது சில நிமிடம். கொத்தமல்லி ஈரத்தோடு, நாள்கணக்கில் அதனோடு ஒட்டிக்கிடக்கிறது. பிறகு பெரும்பாலும் பச்சையாகவே ரசத்தின் மேலும் சட்னியிலும் சேர்கிறது. கழுவித்தானே போடுகிறோம் என்றால், தண்ணீரில் மண் போகும், கனிம எண்ணெய் தண்ணீரில் கரையாது. பூச்சிமருந்தே இவ்வளவு இருக்கும்போது இது எம்மாத்திரம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேறு. வயலில் தெளிப்பது நம் கையில் இல்லை, அதற்கு அரசின் கண்காணிப்பு வேண்டும். ஃபிரிட்ஜில் எதைச் சுற்றி வைப்பது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. பைசா செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய ஒன்றை, இன்னொன்று பெரிதாக இருக்கிறது என்பதற்காக ஏன் ஏற்க வேண்டும்? அதிலும், மையில் இருக்கக்கூடிய ஈயத்தில் குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. வாங்கி வந்ததும் கட்டை அவிழ்த்து, பழுத்ததையும் அழுகியதையும் பொறுக்கி எறியுங்கள். ஒரு அழுகல் தழை மற்றவற்றையும் கெடுக்கும். கழுவாமல் வைப்பதே நல்லது. சேறு அதிகமாக இருந்து கழுவித்தான் ஆக வேண்டுமென்றால், மின்விசிறிக் காற்றில் பரப்பி நீர் முழுவதும் வடிந்து காய்ந்த பிறகே எடுத்து வையுங்கள். பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த துண்டு போதும். அதில் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் காய்கறித் தட்டில் வைக்கலாம். துணி நனைந்துவிட்டால் மாற்ற வேண்டும், துவைக்காமல் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. சாயம் போகும் துணியும் வேண்டாம். பழுப்பு நிற மறுசுழற்சித் தாள் அச்சில்லாமல் சுத்தமாகத் தெரிந்தாலும், சூரிச் ஆய்வில் சிக்கியது மறுசுழற்சி அட்டைதான், அதனால் அதுவும் வேண்டாம். வேரோடு கிடைக்கும் கொத்தமல்லியையும், புதினாத் தண்டையும் தம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைக்கலாம். இலை தண்ணீரில் படாமல், தண்ணீரைத் தினமும் மாற்றினால் போதும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும் இதுதான் வழி. கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவி, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு வையுங்கள். பழுத்த வாழைப்பழம், தக்காளி, மாம்பழத்தின் பக்கத்தில் எந்தத் தழையும் வேண்டாம். அவை வெளியிடும் எத்திலீன் வாயு இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். துளசி குளிர் தாங்காமல் கறுக்கும், அதை வெளியிலேயே வைக்கலாம்.

கடைகளில் பேப்பர் இவ்வளவு புழங்குவதற்கு ஒரு காரணம், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு வந்த தடை. அந்தத் தடை தேவையானது. ஆனால் கவருக்கு மாற்று பேப்பர் ஆகிவிடக் கூடாது. 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் காட்டும் மாற்று துணிப்பைதான். தெருவில் கூடையோடு உட்கார்ந்து கீரை விற்கும் அம்மாவின் மேல் புகார் கொடுக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அவரிடம் “பேப்பர் வேண்டாம்மா, பையிலேயே போடுங்க” என்றால் போதும், அவருக்கும் வேலை மிச்சம். பெரிய கடைகளும் உணவகங்களும் அப்படியல்ல. சொன்ன பிறகும் அச்சுத்தாளில் உணவைச் சுற்றித் தருகிற கடை மீது புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடமோ, ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலோ தெரிவிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் ஆலோசனை கேட்கலாம். படம், தேதி, ரசீது மூன்றும் இருந்தால் புகார் நிற்கும். தழையிலேயே சாயம் ஏற்றியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். சட்டத்துக்கு மாறானது என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது.