உங்களுக்குத் தெரியுமா? பலர் கூடி எழுதும் கணிதக் களஞ்சியம்

1945-இல் சாமுவேல் ஐலன்பெர்க்கும் சாண்டர்ஸ் மக்லேனும் வெளியிட்ட ஆய்வுரையில் பிறந்த கேட்டகரி தியரி என்னும் கணித சாஸ்திரத்தை மையமாகக் கொண்டு, 2008-இன் பிற்பகுதியில் தொடங்கப்பெற்று இன்றும் பலர் திருத்தி வளர்த்துவரும் ‘என்-லேப்’ என்ற இணையக் களஞ்சியத்தில், பெரும்பாலான பக்கங்கள் வரையறையைக் கூறுமுன், ‘கருத்து’ என்ற தலைப்பின்கீழ் விஷயத்தின் தாத்பரியத்தையே முதலில் விளக்குகின்றன. கடினமான சாஸ்திரத்தைக் கற்பிக்க இதனினும் சிறந்த கிரமம் இல்லை. ஒருவர் எழுதிய நிரூபணத்தில் திசைமாறி நின்ற ஓர் அம்புக்குறியை வேறொருவர் திருத்தினாலும், பழைய வடிவம் அழியாது பாதுகாக்கப்படுகிறது. சொந்த ஆராய்ச்சிக்கு இடந்தராத விக்கிப்பீடியாவைப் போலன்றி, ஆய்வாளரின் முற்றுப்பெறாத குறிப்புகளையும் புதிய சிந்தனைகளையும் அது மனமுவந்து ஏற்றுக்கொள்கிறது.