ஏழிலைப்பாலை நிழலில் ஒரு வழக்கு

சாந்திநிகேதன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. அதன் திருவிழாக்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விதான் ஓயவில்லை.

மார்கழிக் குளிரில், பொழுது புலரும் முன்பே பாட்டு கேட்கத் தொடங்கிவிடும். வங்காளிகளின் பௌஷ் மாதம் 7-ம் நாள். மாணவர்களும் ஆசிரியர்களும் பாடிக்கொண்டே சாந்திநிகேதனின் மரத்தடிப் பாதைகளைச் சுற்றி வருவார்கள். பிறகு 'சாத்திம்தலா' என்னும் ஏழிலைப்பாலை மரத்தடியில் வழிபாடு. விக்கிரகம் கிடையாது.

எல்லாம் தொடங்கியது அந்த மரத்தடியில்தான். தேவேந்திரநாத் தாகூர் 1863-ல் இங்கு ஆசிரமம் அமைத்தார். மகன் ரவீந்திரநாத் 1901-ல் ஐந்து மாணவர்களோடு பள்ளி ஆரம்பித்தார். அது 1921-ல் விஸ்வபாரதியாக வளர்ந்து, 1951-ல் மத்தியப் பல்கலைக்கழகமானது.

அரசு வந்தாலும் ஆசிரமப் பழக்கங்கள் போகவில்லை. இங்கு விடுமுறை ஞாயிறு அல்ல, புதன். அன்று கண்ணாடி மண்டபத்தில் பிரார்த்தனை. ஆசிரியர்கள் 'சார்', 'மேடம்' அல்ல. பெயரோடு 'தா' (அண்ணன்), 'தி' (அக்கா) என்றே அழைக்கப்படுகிறார்கள். பாட்டு பிடித்திருந்தால் கைதட்டுவதில்லை, 'சாது, சாது' என்கிறார்கள். பட்டமளிப்பு விழாவின் அடையாளம் ஏழிலைப்பாலைக் கொத்து.

மார்ச் 10 'காந்தி புண்யாஹ'. 1915-ல் இங்கு வந்த காந்தி, சமையலையும் துப்புரவையும் மாணவர்களே செய்துகொள்ளட்டும் என்றார். தாகூர் சம்மதித்தார். சோதனை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் ஊழியர்களுக்கு ஓய்வு கொடுத்து, மாணவர்களும் ஆசிரியர்களும் துடைப்பம் எடுக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. 1928-ல் தாகூர் தொடங்கிய மரம் நடு விழா, இப்போது அவர் மறைந்த ஆகஸ்ட் நாளில் நடக்கிறது.

இவை வளாகத்துக்குள் அடங்கியவை. தகராறெல்லாம் வெளியார் வரும் இரண்டு விழாக்களில்தான். வசந்த உற்சவத்துக்கு வித்திட்டவர் தாகூரின் கடைசி மகன் சமீந்திரநாத். 1907-ல் அவன் நடத்திய பருவ விழாதான் அதன் மூலம். அதே ஆண்டில் சிறுவன் இறந்துபோனான். மஞ்சள் உடையும் நடனமும் காண பிற்காலத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போயிற்று. 2020-ல் கோவிட்டால் விழா நின்றது. பின்னர் பல்கலைக்கழகத்தார் அதைத் தமக்குள்ளேயே கொண்டாடினார்கள்.

பௌஷ் மேளா விஷயம் இன்னும் சிக்கலானது. 1888-ல் தேவேந்திரநாத் எழுதிய அறக்கட்டளைப் பத்திரமே ஆண்டுதோறும் மேளா நடத்தச் சொல்கிறது. பாவுல் பாடகர்கள், சந்தால் மக்கள், கைவினைஞர்கள், போல்பூர் வியாபாரிகள் எனப் பலருக்கு அது ஆண்டின் பெரிய சந்தை. ஆனால் குப்பையும் புகையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயின. பொறுப்பு சுமக்க முடியாது என்று 2020-ல் நிர்வாகம் மேளாவைக் கைவிட்டது. மைதானத்தைச் சுற்றி மதில் எழத் தொடங்கியது. ஆகஸ்டில் திரண்டு வந்த கூட்டம் வளாகத்தின் ஒரு வாயிலையே இடித்துத் தள்ளியது.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. படிக்கும் இடத்தைக் காப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. மேளாவை நம்பிப் பிழைப்பவர்களுக்கோ அது வயிற்றுப்பாடு. அடுத்த இரண்டு ஆண்டுகள் போல்பூரில் மாற்று மேளா நடந்தது. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. அந்த டிசம்பரில் மாவட்ட நிர்வாகம் பழைய மைதானத்திலேயே மேளாவை நடத்தியது. 2024-ல் விஸ்வபாரதியும் அறக்கட்டளையும் மீண்டும் பொறுப்பேற்றன.

பட்டியலில் ஏறிய கட்டிடங்களைப் பாதுகாக்கப் பொறியாளர்கள் போதும். திருவிழாவுக்கு ஊரும் வேண்டும். மேளா நடத்த வேண்டும் என்று 1888-ன் பத்திரம் சொல்லிவிட்டது. எப்படி நடத்துவது என்பதை இருதரப்பும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.