இருநூறு ரூபாய்ப் பங்கு ஐந்நூறு ஆனபோது

இருநூறு ரூபாய்க்கு வாங்கிய பங்கு ஐந்நூறைத் தொட்டதும் கை அரிக்கத் தொடங்கும். விற்றுவிடலாமா, இன்னும் ஏறுமா? அந்த நேரத்தில் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, அதை எதற்காக வாங்கினோம் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாய் அளவில் இருந்தது. அடுத்த மாதமே, அந்த வங்கியின் தலைமை நிர்வாகி ராணா கபூர் 2019 ஜனவரி 31-க்குமேல் பதவியில் நீடிக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அவருடைய நிர்வாகத்தை நம்பி வாங்கியவருக்கு அன்றைக்கே காரணம் தீர்ந்துவிட்டது. பழைய விலை வரட்டும் என்று காத்திருந்தவர்கள், 2020 மார்ச் 5 அன்று வங்கியிலிருந்து பணம் எடுக்கவே கட்டுப்பாடு வந்ததைப் பார்த்தார்கள்.

காரணம் இருக்கிறதென்றால், அடுத்து விலையேற்றத்தை இரண்டாகப் பிரியுங்கள். நீங்கள் வாங்கியபோது ஒரு பங்குக்கான லாபம் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாபத்தைப்போல் 20 மடங்கு விலை கொடுத்திருக்கிறீர்கள். இப்போது லாபம் 16 ரூபாய் என்றால், 500 என்பது 31 மடங்கு. லாபம் வளர்ந்தது 1.6 மடங்குதான், மீதி ஏற்றம் சந்தையின் எதிர்பார்ப்பு. அது ஒரே மோசமான காலாண்டில் கரைந்துவிடக்கூடியது. லாபமும் 25 ரூபாயாகியிருந்தால் பங்கு அன்று இருந்த அதே 20 மடங்கில்தான் நிற்கிறது. அதை நான் தொடமாட்டேன். கணக்கில் ஒரு எச்சரிக்கை: நிலம் விற்ற பணம் போன்ற ஒருமுறை வரவுகளைக் கழித்துவிட்டே லாபத்தைப் பாருங்கள்.

டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் பங்கை முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா 2000-களின் தொடக்கத்தில் வாங்கினார். 2022 ஆகஸ்டில் இறக்கும்வரை அதில் பெரிய முதலீட்டை வைத்திருந்தார். இரட்டிப்பானதும் விற்றிருந்தால் அந்தச் செல்வம் சேர்ந்திருக்காது. விலை ஏறிவிட்டது என்பது மட்டுமே விற்கக் காரணமாகாது என்று நான் உறுதியாக நம்புவதற்கு அந்தப் பங்கு ஒரு காரணம்.

ஆனால் மொத்த முதலீட்டில் ஒரே நிறுவனத்தின் பங்கு மூன்றில் ஒரு பங்காகப் பெருத்துவிட்டால், நிறுவனம் எவ்வளவு நல்லதானாலும் கொஞ்சம் குறைப்பேன். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் ஓராண்டுக்குள் இதிலிருந்துதான் வரவேண்டுமென்றால், அந்தத் தொகைக்கு உரியதை இன்றே விற்பேன்.

இனி வரி. 2024 ஜூலை 23 முதல், 12 மாதங்களுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம். அதற்குமேல் வைத்திருந்தால், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம். நம்மிடம் அந்த இருநூறு ரூபாய்ப் பங்குகள் 100 இருப்பதாக வைத்துக்கொண்டால், லாபம் 30,000 ரூபாய். பதினோராம் மாதத்தில் விற்றால் 4 சதவீத செஸ்ஸோடு 6,240 ரூபாய் போகும். ஓராண்டு தாண்டி விற்றால், அந்த ஆண்டில் வேறு நீண்டகால லாபம் இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. அதாவது காத்திருக்கும் நாட்களில் விலை சுமார் 438-க்குக் கீழே போகாதவரை காத்திருந்தது லாபமே. காரணம் கெட்டுப்போன பங்குக்கு இந்தக் கணக்குப் பார்க்கவேண்டாம். பல தவணைகளில் வாங்கியிருந்தால், முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். லாபம் பெரிதென்றால் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று விற்றால் இரண்டு ஆண்டுகளின் விலக்கும் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் மனம் ஊசலாடினால், 40 பங்குகளை விற்று, முதலில் போட்ட 20,000-ஐ எடுத்துவிடலாம். தூக்கம் வரும். மீதி 60 பங்கும் இலவசம் என்று மட்டும் நினைக்கவேண்டாம். அது உங்களுடைய 30,000 ரூபாய். அதற்கும் தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: எது நடந்தால் விற்பேன், அடுத்து எந்தக் காலாண்டு முடிவின்போது இந்தக் கணக்கை மறுபடி போடுவேன். தேதி போட்டு, டீமேட் அறிக்கையோடு சேர்த்துவையுங்கள்.