சிகிச்சைப் பதிவு நோயாளியின் கையில் இருக்க வேண்டும்

நோயாளியின் மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை ஒரே கணக்கில் சேர்ப்பதற்காக வழங்கப்படுவது 14 இலக்க ஆபா (ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு) எண். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு வீடாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பதிவாகின்றன. மாத்திரையை யார் நிறுத்திவிட்டார், எங்கே மருந்து தேவை என்பதைச் சுகாதாரத் துறை இத்தகைய பதிவுகளைக் கொண்டே அறிகிறது. பதிவில் பிழை இருந்தால் கணக்கும் பிழைதான்.

பெரும்பாலும் செல்போன் எண்ணிலேயே பிழை நேர்கிறது. அவசரத்தில் பிரவுசிங் சென்டர்காரர் எண்ணையோ, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் நெசவாளர் என்றால் தறி முதலாளி எண்ணையோ கொடுத்துவிடுகிறார்கள். பிறகு ஓடிபி அங்கேதான் போகும். நோய் விவரமும் அடுத்தவர் கைக்குப் போகலாம். தாலுகா அலுவலக ஆதார் மையத்தில் சொந்த எண்ணை முதலில் இணைத்துவிட்டு, அதன்பின் ஆபா கணக்கிலும் மாற்ற வேண்டும். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது.

அதைவிடப் பெரிய அலட்சியம், காகிதத்தைக் கேட்டு வாங்காமல் வருவது. பயாப்சி அறிக்கை இல்லாமல் காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு வருபவர், அதே பரிசோதனையை மறுபடி செய்துகொள்ள நேரிடலாம். புற்றுநோயில் ஒவ்வொரு வாரமும் முக்கியம். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுங்குமுறைப்படி, உள்நோயாளியின் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ‘நாளைக்கு வாங்க’ என்று அலைக்கழிப்பது விதிமீறல்.

வாய்வார்த்தையாகக் கேட்டால் பலன் இல்லை. உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, அடையாள அட்டை நகலுடன் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் மனு கொடுத்து, இன்னொரு நகலில் தேதியும் முத்திரையும் பெற வேண்டும். முத்திரை இல்லாத மனுவைக் கொடுத்ததாக நிரூபிக்க முடியாது. தனியார் மருத்துவமனை மறுத்தால், அந்த நகலை இணைத்து மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் தரலாம். அரசு மருத்துவமனை என்றால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, 2005 தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பொதுத் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கணினியை மட்டும் நம்பவும் முடியாது. 2022 நவம்பரில் இணையத் தாக்குதலால் தில்லி எய்ம்ஸ் முடங்கி, பல நாள் கையால் எழுத வேண்டியிருந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியும் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அவையும் படிப்படியாகவே அமலாகின்றன. ஆகவே அசல் அறிக்கைகளைப் பத்திரப்படுத்துவது கட்டாயம்.

ஆபா கட்டாயமல்ல, விருப்பத்தின்பேரில் பெறுவது. பதிவைப் பார்க்க மருத்துவமனைக்கு அளித்த ஒப்புதலைச் செயலியிலேயே திரும்பப் பெறலாம். சந்தேகங்களுக்கு 14477 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.