பேராசிரியருக்கு மறுப்புச் சொன்ன கம்பெனிக்காரர்

தூத்துக்குடியிலும் மணலியிலும் தயாராகும் யூரியாவுக்கு மூலப்பொருள் அம்மோனியா. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அதைத் தயாரிக்கும் முறை, நூறாண்டுக்கு முன் ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியில் பிறந்தது. இன்று உலகில் ஏறக்குறைய பாதிப்பேர் சாப்பிடும் சாப்பாடு இந்த அம்மோனியாவை நம்பியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஹேபர்-போஷ் முறை என்று பள்ளியில் படித்திருப்போம். ஃபிரிட்ஸ் ஹேபர் பேராசிரியர். கார்ல் போஷ் ஒரு கம்பெனியின் ஊழியர். இந்த இருவர் கைகளுக்கு இடையே அறிவு எப்படி மாறியது என்பது, அந்த வேதிவினையைவிட எனக்குப் பெரிய வியப்பு.

கதை ஹேபருக்கு முன்பே, 1900-இல் தொடங்குகிறது. லைப்சிக் பல்கலைக்கழகத்தின் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் அந்தக் காலத்து வேதியியலின் பெரும்புள்ளி; பின்னாளில் நோபல் பரிசும் பெற்றவர். சூடான இரும்பின் மேல் இரு வாயுக்களையும் செலுத்தி அம்மோனியா உண்டாக்கிவிட்டதாக அவர் பி.ஏ.எஸ்.எஃப். என்ற சாயக் கம்பெனிக்கு எழுதினார். சோதித்துப் பார்க்கும் பொறுப்பு, வேலையில் சேர்ந்து ஓராண்டே ஆகியிருந்த போஷிடம் வந்தது. போஷ் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். வந்த அம்மோனியா காற்றிலிருந்து வரவில்லை. இரும்பிலேயே ஏற்கெனவே கலந்திருந்த நைட்ரஜனிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார். அனுபவமில்லாத பையனிடம் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஆஸ்ட்வால்ட் எரிச்சலோடு பதில் எழுதினார். பிறகு தாமே சோதித்துப் பார்த்து, காப்புரிமை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஒரு சாயக் கம்பெனிக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அவுரியிலிருந்து என்று சொல்லலாம். நம் நாட்டு வயல்களில் விளைந்த அவுரியின் நீலச் சாயத்தை ஆய்வகத்தில் முதலில் செய்து காட்டியவர் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற பேராசிரியர். அந்த உரிமையை 1880-இல் பெற்ற பி.ஏ.எஸ்.எஃப்., விற்பனைக்கு ஏற்ற சாயத்தை 1897-இல்தான் சந்தைக்குக் கொண்டுவந்தது. இடையில் 17 ஆண்டுகள். செலவு 1 கோடியே 80 லட்சம் மார்க். (இங்கே அவுரி பயிரிட்ட விவசாயிகளின் பிழைப்பு அதனால் சரிந்தது என்பதையும் மறக்கக் கூடாது.) பேராசிரியரின் குடுவையில் நடப்பது தொழிற்சாலைத் தொட்டியில் தானாக நடந்துவிடாது என்ற பாடத்தை நிறுவனம் அந்த 17 ஆண்டுகளில் கற்றது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற வேதியியலாளர்களை வரிசையாக வேலைக்கு எடுத்தது. போஷ் லைப்சிக்கில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதற்கு முன் பெர்லினில் உலோகவியலும் இயந்திரவியலும் படித்திருந்தார். அந்தப் படிப்பு பின்னால் கைகொடுத்தது.

ஹேபர், காரல்ஸ்ரூ தொழில்நுட்ப உயர்கல்வி நிலையத்தில் இருந்தார். அங்கே அவருடைய மூத்த சகாவான கார்ல் எங்லர், பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவிலும் உறுப்பினர். அவர் இணைத்துவைக்க, 1908-இல் ஒப்பந்தம் ஆனது. அதே காலத்தில் ஹேபர் ஆவர் என்ற விளக்குக் கம்பெனிக்கும் ஆலோசகராக இருந்தார். விளக்கின் இழைக்காக அவர்கள் சேர்த்துவைத்திருந்த அரிய உலோகங்கள் ஹேபரின் மேசைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான ஆஸ்மியம், அம்மோனியாவுக்கு அற்புதமான வினையூக்கியாக அமைந்தது. விளக்குக்காக வந்த உலோகம் சோற்றுக்கு வழி திறந்தது!

ஆனால் ஹேபர் கேட்ட அழுத்தம் நூறு வளிமண்டலத்துக்கும் மேல். நிறுவனத்தின் ஆய்வகத் தலைவர் பெர்ன்ட்சென் ஆடிப்போனார். வெறும் ஏழு வளிமண்டல அழுத்தத்திலேயே முந்தைய நாள் ஒரு கலன் வெடித்திருந்ததாம். நிர்வாகத் தலைவர் புருங்க், போஷ் பக்கம் திரும்பிக் கருத்துக் கேட்டார். உருக்கு ஆலைகளால் என்ன செய்ய முடியும் என்பது எனக்குத் தெரியும், துணிந்து பார்க்கலாம் என்றார் போஷ்.

1909 ஜூலையில் போஷும் அவருடைய உதவியாளர் ஆல்வின் மிட்டாஷும் செயல்முறை விளக்கத்தைப் பார்க்கக் காரல்ஸ்ரூ போனார்கள். ஹேபரும் அவருடைய கூட்டாளி ராபர்ட் லெ ரோசிக்னோலும் அமைத்திருந்த கருவி முக்கால் மீட்டர் உயரம்தான். உள்ளே சுமார் 200 வளிமண்டல அழுத்தம், 600 டிகிரியை நெருங்கும் வெப்பம். ஒருமுறை உள்ளே போகும் வாயுவில் சிறு பங்குதான் அம்மோனியாவாக மாறும். அதைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு, மிச்ச வாயுவை மறுபடி மறுபடி சுற்றவிட வேண்டும். அன்று பார்த்து ஒரு போல்ட் விட்டுப்போனது. சரிசெய்யப் பல மணி நேரம் ஆனது. போஷ் கிளம்பிவிட்டார். மிட்டாஷ் காத்திருந்தார். கடைசியில் கண்ணாடிக் குழாயில் திரவ அம்மோனியா துளித்துளியாக ஏறுவதைப் பார்த்தவர், ஹேபரின் கையைப் பிடித்து அழுத்தினார்.

காப்புரிமைத் தாளை வாங்கிக்கொண்டு வருவதோடு வேலை முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. உலகம் முழுக்கத் தேடினாலும் ஆஸ்மியம் சில நூறு கிலோகூடத் தேறாது. வேறு வினையூக்கி வேண்டும். மிட்டாஷ் சின்னச் சின்னக் கருவிகளை வரிசையாக வைத்து, எளிதில் மாற்றக்கூடிய பொதிகளில் ஒவ்வொரு பொருளாகப் போட்டுப் பார்த்தார். ஸ்வீடனின் கெல்லிவாரெ சுரங்கத்து இரும்புத் தாது ஒன்று எதிர்பாராமல் நன்றாக வேலை செய்தது. தூய இரும்பு தோற்ற இடத்தில் அழுக்கு இரும்பு ஏன் ஜெயிக்கிறது? அதிலுள்ள கலப்புப் பொருள்கள்தான் காரணம் என்று பிடித்துக்கொண்டார்கள். 1912-க்குள் 2,500 பொருள்கள், 6,500 சோதனைகள். சிறிது அலுமினாவும் பொட்டாசியமும் சேர்ந்த இரும்பு தேர்வானது. இன்றும் பெரும்பாலான ஆலைகளில் அதே குடும்பத்து வினையூக்கிதான்.

அடுத்தது உருக்கு. முதல் பெரிய கலன்கள் 80 மணி நேரம் ஓடி வெடித்தன. வெடித்த துண்டை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார் போஷ். மாணவப் பருவத்து உலோகவியல் இங்கே உதவிக்கு வந்தது. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் உருக்குக்குள் ஊடுருவி, அதற்கு வலுவூட்டும் கார்பனைத் தின்றுவிடுகிறது. அவருடைய தீர்வு அழகானது: உள்ளே கார்பன் அற்ற மென்னிரும்பு உறை, வெளியே அழுத்தத்தைத் தாங்கும் உருக்கு. உறையைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் வெளியேற, வெளிச்சுவரில் சிறு துளைகள். 1913 செப்டம்பரில் ஒப்பாவ் என்ற ஊரில் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது.

நிறுவனத்துக்கு இதனால் கிடைத்தது அம்மோனியா மட்டும் அல்ல. உயரழுத்தத்தில் வேலை செய்யத் தெரிந்த ஆட்கள், வால்வுகள், வினையூக்கி தேடும் முறை எல்லாம் அதன் கையில் இருந்தன. அதே கைகள் 1922-இல் யூரியாவையும் 1923-இல் மெத்தனாலையும் தொழிற்சாலை அளவில் தயாரித்தன. அதே கைகள்தான் முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கும் நைட்ரஜன் கொடுத்தன. ஹேபர் நச்சு வாயுவைப் போர்க்களத்துக்கு அனுப்பியவர் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. திறன் வளர்வது வேறு, அது நல்லதற்குப் பயன்படுவது வேறு.

1990-இல் வெஸ்லி கோஹன், டேனியல் லெவின்தால் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு நிறுவனம் வெளி அறிவை இப்படி உள்வாங்குவதைக் கோட்பாடாக எழுதினார்கள். ஒரு நிறுவனத்தின் சொந்த ஆராய்ச்சி புதியதைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் அல்ல, வெளியே பிறக்கும் அறிவை அடையாளம் கண்டு, உள்வாங்கிப் பயன்படுத்துவதற்கும் அதுதான் அடிப்படை என்றார்கள். உள்ளே ஆள் இல்லாத நிறுவனத்துக்கு எந்தப் பல்கலைக்கழக உறவும் பெரிதாக ஒட்டாது.

சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா இந்த விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது என்பது என் எண்ணம். தரமணியில் இருக்கும் அந்தப் பூங்காவில் இடம் பிடிக்கும் நிறுவனம் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடு கூட்டு ஆய்வு, மாணவர்களுக்குப் பயிற்சி என்று ஏதாவது செய்து மதிப்புப் புள்ளிகள் சேர்த்தாக வேண்டும். இரு பக்கத்து ஆட்களும் கலந்து பழகியே தீர வேண்டிய ஏற்பாடு அது.

நம் ஊர்த் தொழில்முனைவோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, சால்வை மாற்றிப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன், பேராசிரியர் சொல்வதைச் சோதித்துப் பார்த்து, தப்பென்றால் தப்பென்று சொல்லத் தெரிந்த ஒருவர் உங்களிடம் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அவரை வேலைக்கு எடுங்கள். ஒப்பந்தம் ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.