படகே வீடாக

மாதுங்காவிலும் தாராவியிலும் ஒற்றை அறையில் குடும்பம் நடத்திப் பழகிய நமக்குப் படகின் உள்ளறை சிறிதென்று தோன்றாது. விலைதான் மலைக்க வைக்கும். ஆயினும், 1985 செப்டம்பர் 28ஆம் நாள் மும்பையினின்று புறப்பட்டு, உலகைச் சுற்றி 1987 ஜனவரி 10ஆம் நாள் திரும்பிய ‘த்ரிஷ்ணா’ என்னும் பாய்மரப் படகின் நீளம் 37 அடியே. நமது தரைப்படைப் பொறியாளர்கள் அதனைப் புதிதாகக் கட்டுவிக்கவில்லை. பிறர் ஓட்டிய படகையே வாங்கினர்.

ஆகவே நீளத்திற்கு மயங்க வேண்டா. நீளம் கூடினால் பாய், கயிறு, நங்கூரம் அனைத்தின் செலவும் கூடும். வண்ணப்பூச்சையும் மெத்தையையும் பின்னர்ப் பார்க்கலாம். முதலில் படகைக் கரையேற்றி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடியிழை உடலைச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல இடம் கணீரென்னும். நீர் ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும். பானை வாங்கும் நம் பாட்டிமார் அறிந்த வித்தைதான் இது! பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடங்கள் பழையனவாயின், மாற்றும் செலவைக் கழித்தே விலை பேசுதல் நன்று.

மற்றொன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் பொங்கும். மும்பையில் சிறு பாய்மரப் படகுகளைக் கரையேற்றி வைப்பதே வழக்கம். படகையே வீடாகக் கொண்டவர் அந்த நான்கு திங்களும் எங்கே குடியிருப்பது? செம்பூர் அறையைக் காலிசெய்யுமுன் இதற்கு விடை காண வேண்டும்.